பம்ப்பைக் கழற்றுமுன் மீட்டரை எடுங்கள்

"அண்ணே, மெஷின்ல பவர் இல்ல." மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் எக்ஸ்கவேட்டர் கோளாறு பெரும்பாலும் இந்த ஒரே வாக்கியமாகத்தான் பட்டறைக்கு வந்து சேரும். ஹூத்தான் மெலிந்தாங் பக்கம் கான் (வடிகால்) வெட்டுகிற மெஷினோ, மறுநடவுக்காகக் கிழட்டுச் செம்பனையைச் சாய்த்துச் சீவுகிற மெஷினோ, சொல் ஒன்றுதான். அடுத்ததாகத் தவுக்கே (முதலாளி) கேட்பதும் ஒன்றேதான்: "பம்ப் போச்சா?" பூமையும் பக்கெட்டையும் அசைக்கிற ஆயிலைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப்பைத்தான் சொல்கிறார். யாராவது ஒருவர் தலையை ஆட்டிவிட்டால் போதும், மறுநாள் பம்ப் லோரியில் ஏறிவிடும். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழித்து மாற்றிய பிறகும் மெஷின் அதே பழைய நடை நடக்கும்போதுதான் ஒயரைப் பார்க்கும் எண்ணமே வரும்.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம். மின்சாரப் பக்கத்தைப் பார்த்து முடிக்க ஒரு மல்டிமீட்டர், ஒரு 24 வோல்ட் பல்பு, பிரஷர் கேஜ் ஒன்று, அரை நாள் பொறுமை இருந்தால் போதும். பம்ப்பைத் திறக்கவோ சுத்தமான இடமும் கிரேனும் வேண்டும். கான் ஓரச் சேற்றில் வைத்துப் பம்ப்பைத் திறந்தால், இல்லாத நோயையும் நாமே உள்ளே அனுப்பி வைத்த கதையாகிவிடும்.

கன்ட்ரோல் எதற்கு?

கணக்கு ஒன்றைப் போட்டால் எல்லாம் விளங்கும். கோமாட்சு பிசி200-7 மெஷினின் இன்ஜின் சக்தி 107 கிலோவாட். இரண்டு மெயின் பம்ப்பும் சேர்ந்து நிமிடத்துக்கு 428 லிட்டர் வரை ஆயில் தள்ளும். ரிலீப் பிரஷர், அதாவது வால்வு திறந்து ஆயிலை விட்டுவிடும் உச்ச பிரஷர், சுமார் 35 மெகாபாஸ்கல். இந்த முழு அளவையும் இந்த முழு பிரஷரையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஏறத்தாழ 250 கிலோவாட் வேண்டும். இருப்பதோ அதில் பாதிகூட இல்லை. ஆகவே பிரஷர் ஏற ஏற, பம்ப்புக்குள் இருக்கும் சாய்தட்டின் (சுவாஷ் பிளேட்) சாய்வைக் குறைத்து ஆயில் அளவை யாராவது மட்டுப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கெட் மண்ணில் இறங்கியதும் இன்ஜின் நின்றுவிடும்.

அடிப்படை வேலையை, அந்தச் சாய்வை மாற்றும் ரெகுலேட்டர், ஆயில் பிரஷரைக் கொண்டே பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற நுணுக்கத்தைச் சொல்வது கன்ட்ரோலர் என்ற கம்ப்யூட்டர் பெட்டி. இன்ஜின் வேகம், பம்ப் பிரஷர், டயல் நிலை, எந்த மோடு என்பதையெல்லாம் பார்த்து, பம்ப்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ப்ரொபோர்ஷனல் சோலனாய்டு வால்வுக்கு அளந்து கரன்ட் அனுப்புகிறது. அந்த வால்வு, மற்ற வால்வுகளை இயக்கும் குறைந்த பிரஷர் பைலட் ஆயிலைக் கரன்டுக்கு ஏற்ற பிரஷராக மாற்றி ரெகுலேட்டருக்குக் கொடுக்கிறது. நாம் தேடப்போகும் கோளாறு இந்தச் சங்கிலியில் எங்கோ இருக்கிறது.

கரன்ட் செத்தால் பம்ப் எந்தப் பக்கம் போகும்?

எந்த மெஷினில் கைவைக்கும் முன்பும் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இல்லை. பிசி200 போன்றவற்றில் பிசி-இபிசி வால்வுக்கு (மேலே சொன்ன சோலனாய்டு வால்வு) கரன்ட் ஏறினால் பம்ப் எடுக்கும் பாரம் குறையும். ஒயர் அறுந்து கரன்ட் பூஜ்யமானால் பம்ப் முழுப் பாரத்தையும் இழுக்கும். லேசான வேலையில் மெஷின் நன்றாகவே ஓடும், சில சமயம் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகக்கூடத் தெரியும். கெட்டி மண்ணில் பக்கெட்டை அழுத்தினால் இன்ஜின் மூச்சுத் திணறிக் கறுப்புப் புகை தள்ளும், நின்றும் போகும்.

எலெக்ட்ரிக் பாசிட்டிவ் கன்ட்ரோல் வகை மெஷின்களில் கதை நேர்மாறானது. அங்கே கரன்ட் ஏறினால்தான் ஆயில் அளவு ஏறும். கரன்ட் இல்லையென்றால் பம்ப் மிகக் குறைந்த அளவிலேயே படுத்துக்கிடக்கும். இன்ஜின் சத்தம் ஜோராக இருக்கும். பூம் மட்டும் ஆமை வேகத்தில் ஏறும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஆபரேட்டரின் புகாரே பாதித் தடயம். பிசி200 மெஷினில் "இன்ஜின் நசுங்குது" என்றால் கரன்ட் போகாத பக்கம் தேடலாம். அதே மெஷினில் "எல்லாமே ஸ்லோ, இன்ஜினுக்குப் பாரமே தெரியல" என்றால் அளவுக்கு மீறிக் கரன்ட் போகிறதா என்று பார்க்கலாம். இரண்டாவது வகையில் இந்த இரண்டையும் மாற்றிப் படிக்க வேண்டும். இந்தத் திசையைக் குழப்பிக்கொண்டவர்கள் நல்ல டீசல் பில்டரையும் இன்ஜெக்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இன்ஜினுக்கே டீசல் போதாமல் இருந்தாலும் நசுங்கத்தான் செய்யும். லீவரைத் தொடாமல் முழு வேகத்தில் வைத்தால் இன்ஜின் சொன்ன வேகத்தை எட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பம்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியவை மூன்றே. ஒரு அசைவு மட்டும் ஸ்லோவா, எல்லாமுமா? காலையிலிருந்தே இப்படியா, சூடேறிய பிறகா? கோளாறு வருவதற்கு முன் மெஷினில் யாராவது என்ன செய்தார்கள்: கழுவினார்களா, வெல்டிங் போட்டார்களா, பேட்டரி மாற்றினார்களா? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் வரும்.

ஆர்ம் மட்டும் ஸ்லோ என்றால் பம்ப் கன்ட்ரோலை விட்டுவிடலாம். அந்த அசைவின் பைலட் வால்வு, ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு), சிலிண்டர் என்று போக வேண்டும். எந்த லீவரும் வேலை செய்யவில்லை என்றால் சேப்டி லீவரின் சுவிட்ச், அதன் பியூஸ், பைலட் ஆயிலைத் திறந்துவிடும் சோலனாய்டு. அது வெறும் ஆன்-ஆப் சோலனாய்டுதான். லீவரை இறக்கும்போது காயில் (கம்பிச் சுருள்) மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்தால் காந்தம் இழுப்பது கையில் தெரியும். சீட்டோரத்து லிமிட் சுவிட்சில் சேறு ஏறி அழுந்தாமல் நிற்பது சர்வ சாதாரணம்.

எல்லாமே ஸ்லோ என்றால் டிராக்கை வைத்துப் பார்ப்பது எளிது. பெரும்பாலான 20 டன் மெஷின்களில் நேராக ஓடும்போது ஒரு பம்ப் ஒரு டிராக்கை ஓட்டும். பூமை ஊன்றி ஒரு டிராக்கைத் தரையிலிருந்து தூக்கி, முழு வேகத்தில் ஐந்து சுற்றுக்கு எத்தனை விநாடி என்று எடுங்கள். பிறகு அடுத்த டிராக். இரண்டும் சமமாக மெதுவாக இருந்தால் நோய் இரண்டு பம்ப்புக்கும் பொதுவான இடத்தில்: பைலட் பிரஷர், இன்ஜின் வேகம், கன்ட்ரோலர், பொதுவான சோலனாய்டு. ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்தப் பம்ப்பின் சொந்த வால்வு, ஒயர், ரெகுலேட்டர், அல்லது அந்த டிராக் மோட்டார்.

எமர்ஜென்சி சுவிட்ச்

பிசி200-7 மானிட்டரில் ஈ02 என்ற கோளாறு எண் (கோடு) வந்தால் பிசி-இபிசி பக்கத்தில் கோளாறு என்று பொருள். கேபினில் எமர்ஜென்சி பம்ப் டிரைவ் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியிலிருந்தே வால்வுக்கு ஒரு நிலையான கரன்ட் போகும். வேறு சில கம்பெனி மெஷின்களிலும் வேறு பெயரில் இதே ஏற்பாடு உண்டு.

இதை வேலையை ஓட்டும் குறுக்குவழியாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இது முதல் பரிசோதனைக் கருவி. சுவிட்சைத் தட்டியதும் இன்ஜின் நசுங்குவது நின்றால் வால்வும் காயிலும் பம்ப்பும் நலம். கன்ட்ரோலரிலோ, கன்ட்ரோலருக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள ஒயரிலோ, கன்ட்ரோலருக்குத் தகவல் தரும் சென்சாரிலோ கோளாறு. தட்டியும் மாற்றமே இல்லையென்றால் சுவிட்சுக்கு அப்பால் போங்கள்: பம்ப்புக்குப் போகும் ஒயர், கனெக்டர், காயில், வால்வு ஸ்பூல். காசு செலவில்லாமல் தேடும் பரப்பு பாதியாகிவிட்டது.

சுவிட்சை அப்படியே விட்டு மாதக்கணக்கில் ஓட்டும் மெஷின்களும் உண்டு. நிலையான கரன்டுக்கு இன்ஜின் நிலவரம் தெரியாது. லேசான வேலையிலும் சக்தியை அடக்கி வைக்கும், கனமான வேலையில் போதுமான அளவு அடக்காது. கான் முடியும்வரை, சாமான் வரும்வரை சரி. அதற்குமேல் டீசலும் இன்ஜினும் விலை கொடுக்கும்.

கரன்டை அளப்பது

பக்கெட்டைத் தரையில் வையுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், சாவி ஆன் நிலையில் லீவர்களை நாலு பக்கமும் ஆட்டிப் பிரஷரை இறக்குங்கள், பிறகு சாவியை ஆப் செய்யுங்கள். ஓடிய பம்ப் அறையில் கை சுடும். ஆயில் பைப்பில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, அந்தப் பிரஷரில் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும். இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் கேபினில் ஒருவர் இருக்கட்டும், ஹாரன் சத்தத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

முதலில் காயில். இரண்டு பின் கனெக்டரைக் கழற்றி வால்வுப் பக்கத்தில் ரெசிஸ்டன்ஸ் எடுங்கள். பிசி200-7 மெஷினின் பிசி-இபிசி காயிலுக்கு 7 முதல் 14 ஓம் வரை சரி. காயிலின் ஏதாவது ஒரு பின்னுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே வரக்கூடாது. மற்ற மெஷின்களுக்கு அந்தந்தக் கையேட்டு எண். அளக்கும்போது சூட்டைக் கணக்கில் வையுங்கள். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 10 ஓம் காட்டும் காயில் 80 டிகிரியில் 12.3 ஓம் காட்டினால் அது நோயில்லை. காலையில் 10, மத்தியானம் எல்லையே இல்லை என்று காட்டினால்தான் உள்ளே கம்பி விட்டிருக்கிறது. அதனால்தான் "சூடேறினா படுத்துக்குது" என்ற புகாருக்குக் காயிலைச் சூட்டோடு அளக்க வேண்டும். பட்டறைக்குக் கொண்டுவந்து ஆறவைத்து, டீ குடித்துவிட்டு அளந்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும்.

அடுத்தது உண்மையான கரன்ட். இங்கேதான் பலர் வோல்ட்டை அளந்து ஏமாறுகிறார்கள். கன்ட்ரோலர் 24 வோல்ட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தட்டித் தட்டி அனுப்புகிறது. மீட்டர் காட்டுவது அதன் சராசரி. 6 வோல்ட் வந்தால் "24 வரவேண்டிய இடத்தில் 6தான் வருது" என்று கன்ட்ரோலரைக் குற்றம் சொல்லிவிடுவார்கள். காயிலை அசைப்பது கரன்ட். ஒயரில் ஒரு பக்கத்தைப் பிரித்து மீட்டரை வரிசையில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்கினால் மீட்டர் பியூஸ் பிழைக்கும். கனெக்டருக்கு நடுவே செருகுகிற மாதிரி ஆணும் பெண்ணும் உள்ள ஒரு சின்ன இடை ஒயர் செய்து வைத்துக்கொண்டால் நல்ல ஒயரின் தோலைக் குத்திக் கிழிக்க வேண்டியதில்லை. குத்திய துளை வழியாகத்தான் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்.

மீட்டரை வைத்துக்கொண்டு எண் என்ன என்பதைவிட எண் நகர்கிறதா என்று பாருங்கள். முழு வேகத்தில் லீவரைத் தொடாமல் ஒரு எண். மோடை மாற்றினால் இன்னொன்று. ஆர்மை உள்ளே இழுத்து ரிலீப் வரை பிடித்தால் மூன்றாவது. பிசி200 வகையில் பாரம் ஏறி இன்ஜின் வேகம் இறங்கும்போது கரன்ட் ஏற வேண்டும். பாசிட்டிவ் கன்ட்ரோல் வகையில் லீவரை இழுக்க இழுக்க ஏற வேண்டும். கரன்ட் ஒழுங்காக நகர்ந்தும் பம்ப் அசையவில்லையென்றால் வால்வு ஸ்பூல் ஒட்டியிருக்கிறது, அல்லது பைலட் பிரஷர் இல்லை, அல்லது ரெகுலேட்டர். கரன்ட் ஒரே எண்ணில் உறைந்து நின்றால் கன்ட்ரோலர் எதையோ தவறாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சென்சார்களுக்குப் போங்கள். கரன்டே இல்லையென்றால் ஒயர், பியூஸ், அல்லது கோளாறைக் கண்டு கன்ட்ரோலரே அடைத்துவிட்டது.

மானிட்டரிலேயே கரன்ட் எண் தெரிகிறதே, மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். மானிட்டர் சொல்வது கன்ட்ரோலர் தன் வாசலில் அளந்தது. வழியில் ஒயர் தோல் உரிந்து பாடியில் ஒழுகினால் அந்தக் கரன்டும் வாசலைத் தாண்டித்தான் போகும்; காயிலுக்கு மட்டும் போய்ச் சேராது. மானிட்டர் எண்ணும் கனெக்டரில் எடுத்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஒழுக்கு இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கன்ட்ரோலர் சொன்ன கரன்டை எப்படியாவது தள்ளப் பார்க்கும். ஒரு கனெக்டர் பின் கறுத்து இரண்டு மூன்று ஓம் கூடினாலும் தட்டும் நேரத்தைக் கூட்டிச் சமாளித்துவிடும். கோடும் வராது, மெஷினும் ஓடும். அந்த நோயை வளரும் பருவத்திலேயே பிடிக்கலாம். 0.6 ஆம்பியர் போகும்போது 10 ஓம் காயிலின் இரு முனைக்கும் இடையே சராசரி 6 வோல்ட் இருக்கும். அதே நேரத்தில் கன்ட்ரோலரின் இரண்டு பின்னுக்கும் இடையே 7.5 காட்டினால், 1.5 வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள்.

ஒரே மாதிரி இரண்டு வால்வு, இரண்டு ஒயர் உள்ள மெஷின் என்றால் கனெக்டர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். ஸ்லோவான டிராக் மாறிப்போனால் ஒயர் அல்லது கன்ட்ரோலர். அதே டிராக்தான் இன்னும் ஸ்லோ என்றால் வால்வு அல்லது பம்ப். பிறகு மறக்காமல் பழையபடி செருகுங்கள்.

ஒயர்

ஓம் அளவில் மீட்டர் அனுப்பும் கரன்ட் ஒரு மில்லியாம்பியரை ஒட்டியதுதான். பாதி அரித்த பின்னிலும் அந்தத் துளி நன்றாகப் போய்விடும், மீட்டரும் 'பீப்' என்று கத்திவிடும். ஒயருக்குப் பாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இரு முனையிலும் கனெக்டரைக் கழற்றி, கன்ட்ரோலரை முழுதாக விலக்கிவிட்டு, அந்த ஒயர் வழியாக லோரி சிக்னல் லைட்டின் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எரியவிடுங்கள். சுமார் 0.87 ஆம்பியர் இழுக்கும். 10 மீட்டர் நீளம், 0.85 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் முனைக்கு முனை 0.2 வோல்ட் அளவில்தான் விழ வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். பல்பு எரியும்போதே ஹார்னஸை (ஒயர்க் கட்டை) ஒவ்வொரு கிளிப்பாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போங்கள். பல்பு சிமிட்டும் இடத்தில்தான் நோய்.

ஆட்ட வேண்டிய இடங்கள் எல்லா மெஷினிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பம்ப்புக்கு மேலே சூட்டில் தோல் காய்ந்து வெடிக்கும் வளைவு, இன்ஜின் அறைத் தடுப்புத் தகட்டில் ரப்பர் வளையம் கழன்று ஒயர் இரும்பில் உரசும் துளை, கேபினுக்குக் கீழே சேறு தேங்கும் மூலை, பேட்டரிப் பெட்டி ஓரம். எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே உரியவை இன்னும் சில. கடலோரக் கான்களில் உப்புத் தண்ணீர் ஏறும். அங்கே வேலை செய்த மெஷினின் கனெக்டரைத் திறந்தால் பின்னில் பச்சைப் பூஞ்சணம்போல் பூத்திருக்கும். உர ஸ்டோருக்குப் பக்கத்தில் மெஷினை நிறுத்துவதும் அதே வேலையைச் செய்யும். அமோனியம் உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பையும் பித்தளையையும் தின்னும். பிறகு எலி. ஆந்தைப் பெட்டி வைத்து எலியை அடக்கும் தோட்டத்திலும் பத்து நாள் சும்மா நிற்கும் மெஷினுக்குள் எலி கூடு கட்டும். ரிலே பெட்டியில் எறும்பு கூடு கட்டும். சீட்டுக்குப் பின்னால் திறந்து பார்க்காமல் கோளாறு தேடத் தொடங்குவது வீண்.

பிரஷர் பம்ப் போட்டுக் கழுவுவது எல்லாவற்றிலும் மோசம். கனெக்டருக்கு நேரே ஒரு முறை பீய்ச்சினால் போதும், சீல் தாண்டித் தண்ணீர் போய்விடும். போன தண்ணீர் வெளியே வராது. நனைந்த கனெக்டரைக் கழற்றிக் காற்றடித்துக் காயவையுங்கள். பின் லூசா என்று பார்க்க, அதே அளவுள்ள ஒரு தனி ஆண் பின்னைச் செருகி இழுங்கள்; பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்தப் பெண் பின்னை மாற்ற வேண்டும், நசுக்கி ஒப்பேற்றினால் ஒரு மாதம் வரும். கனெக்டருக்குப் பின்னால் சிலிகான் அப்பும் வழக்கத்தை நிறுத்தினால் நல்லது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். மெல்லிசாக டைஎலெக்ட்ரிக் கிரீஸ், நல்ல ரப்பர் சீல், அவ்வளவுதான்.

ஒயரை ஒட்டவேண்டி வந்தால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றாதீர்கள். சரியான அளவு ஸ்லீவ் வைத்து கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடாக்குங்கள். இரு முனையிலும் பசை பிதுங்கித் தெரிய வேண்டும். அதிரும் இடத்தில் ஈயப் பற்று வைத்தால் பற்று முடியும் இடத்தில் ஒயர் விறைத்து அங்கேயே முறியும்.

சென்சார்

கரன்ட் உறைந்து நின்றால் இரண்டு தகவலைச் சோதிக்க வேண்டும்: பம்ப் பிரஷர், இன்ஜின் வேகம். பிரஷர் சென்சாருக்கு மூன்று ஒயர். சப்ளை சில மாடல்களில் 5 வோல்ட், சிலவற்றில் 24. அளக்கும் முன் மாடலைப் பாருங்கள். சிக்னல் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை. 50 மெகாபாஸ்கல் சென்சார் என்று வைத்துக்கொண்டால் பூஜ்யத்துக்கு 0.5, முழு அளவுக்கு 4.5, 34.3 மெகாபாஸ்கல் ரிலீப்பில் 3.24 வோல்ட் வர வேண்டும். கேஜையும் மாட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். பூஜ்யத்தில் ஒட்டினால் சப்ளை அறுந்திருக்கலாம் அல்லது சிக்னல் பாடியில் தொடலாம். சப்ளை வோல்ட்டிலேயே ஒட்டினால் சென்சாரின் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம். நாலைந்து சென்சார் கோடு ஒரே நேரத்தில் வந்தால் நாலைந்து சென்சாரும் சேர்ந்து செத்திருக்காது. பொதுவான 5 வோல்ட்டை ஒன்று கீழே இழுத்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி.

பழைய பிசி200 வகைகளில் இன்ஜின் வேகச் சென்சார் பிளைவீல் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரெசிஸ்டன்ஸ் 500 முதல் 1000 ஓம். பல்லில் முட்டும்வரை திருகி, ஒரு சுற்றுப் பின்னே எடுத்து நட்டை இறுக்க வேண்டும். நுனியில் இரும்புத்தூள் தாடிபோல் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். இந்தச் சென்சார் தவறாகச் சொன்னால் இன்ஜின் நசுங்குவது கன்ட்ரோலருக்குத் தெரியாது.

வால்வை நேரே ஓட்டிப் பார்ப்பது

ஒயரும் சென்சாரும் நல்லது என்று தெரிந்தபின், வால்வா பம்ப்பா என்பதைப் பிரிக்க வேண்டும். இதற்காகக் காயிலுக்கு 24 வோல்ட்டை நேராகக் கொடுக்கிறார்கள். 10 ஓமுக்கு 2.4 ஆம்பியர் போகும். 1 ஆம்பியருக்குள் வாழும் காயில் சில நிமிடத்தில் கருகிவிடும், இருந்த ஒரு நோய் இரண்டாகும். நடுவே அதே 21 வாட் பல்பை வரிசையில் போடுங்கள். 0.65, 0.7 ஆம்பியர் அளவில் போகும். 10 வாட் பல்பு போட்டால் 0.4 ஆம்பியர் பக்கம். இரண்டு பல்பையும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு நிலை கிடைத்துவிடும். கன்ட்ரோலர் கனெக்டர் கழன்றே இருக்க வேண்டும்.

வால்வின் வெளிவாசலில் 6 மெகாபாஸ்கல் கேஜ் மாட்டி, இன்ஜினை ஓட்டி, பல்பை மாற்றுங்கள். பிரஷர் ஒவ்வொரு நிலைக்கும் தெளிவாக நகர்ந்தால் வால்வு நல்லது. பிறகும் பம்ப் அசையாவிட்டால் இப்போது ரெகுலேட்டரையும் பம்ப்பையும் குற்றம் சொல்லலாம், மனச்சாட்சி உறுத்தாது. பிரஷர் நகரவில்லையென்றால் முதலில் பைலட் பம்ப் பிரஷரை எடுங்கள். 3 முதல் 4 மெகாபாஸ்கல் வரை இருப்பது வழக்கம். அது இருந்தும் வால்வு நகராவிட்டால் ஸ்பூலில் அழுக்கு. அழுக்கு எங்கிருந்து வந்தது என்று பைலட் பில்டரை வெட்டிப் பார்க்காமல் புது வால்வு போடுவதில் பயனில்லை.

கன்ட்ரோலரைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும், அதுவும் அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்த பிறகு. சாவி ஆன், இன்ஜின் ஓட்டம், லைட்டும் ஏர்கானும் போட்ட நிலை, மூன்றிலும் சப்ளை பின்னில் பேட்டரியை ஒட்டிய வோல்ட் வேண்டும். கன்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குமேல் தெரிந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டுங்கள். கடையில் கிடைத்த பழைய கன்ட்ரோலரை "போட்டுப் பார்ப்போம்" என்று மாட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்: மாடலும் புரோகிராமும் பொருந்தாவிட்டால் புதுக் கோடுகள் பத்து வரும், பழைய கோளாறும் அப்படியே இருக்கும். காயில் ஷார்ட்டாகி எரிந்த கன்ட்ரோலர் என்றால், காயிலை மாற்றாமல் அடுத்ததையும் எரிக்கலாம்.

பக்கெட் பல்லுக்கோ பூமுக்கோ வெல்டிங் போடும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றுங்கள். வெல்டிங் போடும் இடத்திலிருந்து 1 மீட்டருக்குள், நடுவில் பேரிங்கோ சீலோ வராமல் எர்த்தைக் கவ்வ வையுங்கள். டிராக்கில் எர்த்தைக் கவ்வி ஆர்மில் வெல்டிங் போட்டால் கரன்ட் சுவிங் பேரிங் வழியாகவும் போகும், ஒயரிங் வழியாகவும் போகும்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, எமர்ஜென்சி சுவிட்சை நார்மலுக்குத் திருப்பி, டிராக் ஐந்து சுற்று நேரத்தை மறுபடி எடுங்கள். சில மாடல்களில் வால்வோ கன்ட்ரோலரோ மாற்றியபின் பம்ப் அளவைக் கன்ட்ரோலருக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் படி ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் ஆபரேட்டரிடம் கொடுத்தால் "இன்னும் சரியில்ல அண்ணே" என்று போன் வரும். நல்ல நிலையில் எடுத்த எண்களை, காயில் ஓம், மூன்று நிலைக் கரன்ட், பைலட் பிரஷர், டிராக் விநாடி என்று மார்க்கர் பேனாவால் கன்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் எழுதி, தேதியும் மெஷின் ஓடிய மணிநேரமும் போட்டுவிடுங்கள். பேப்பரில் எழுதினால் கிராணியின் (ஆபீஸ் கிளார்க்) பைலுக்குள் போய்விடும். மூடி மெஷினோடேயே இருக்கும்.